எண்ணப்படாத நாட்கள்



பங்கு மக்கள் தம் குற்றங்களை அறிக்கையிடப் பங்குத் தந்தையிடம் வருவது வழக்கம். இத்திங்கள் பங்குத் தந்தையாகிய நாம் நம் குற்றம் ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வந்திருக்கிறோம். அதனை மறைத்துக்கொண்டு, இங்கே நாம் எழுத எண்ணிய செய்தியை எழுதுவது நேர்மையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், வேறொரு பங்கில் நாம் பணியாற்றிய காலம். ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். இளந்தாய் ஒருத்தி ஒன்பது மாதக் கைக்குழந்தையோடு நம் முன் வந்து நின்றாள். அது அவளுடைய தலைப்பிள்ளை. அதற்குத் திருமுழுக்கு அளித்தவர்களும் நாமே. தயங்கித் தயங்கி அவள் சொன்னாள்: "சாமி, கோயில் மணி தலைக்கு மேல அடிக்குது. மத்த பிள்ளைங்க எல்லாம் திடுக்கிடுது. இவன் மட்டும் அசையாமத் தூங்குறான். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புறதில்லை. எனக்குப் பயமா இருக்கு."

நாம் குழந்தையைப் பார்த்தோம். அது நம் முகத்தைக் கண்டு கலகலவென்று சிரித்தது. "கவலைப்படாதே அம்மா! இவன் அப்பனே மூன்று வயதில்தான் வாய் திறந்தானாம். ஆண் பிள்ளைகள் சற்றுத் தாமதமாகத்தான் பேசுவார்கள். வேண்டிக்கொள், போகப் போக எல்லாம் சரியாகிவிடும்" என்று கூறி, குழந்தையின் தலைமேல் கைவைத்து ஆசீர்வதித்து அனுப்பினோம். அவள் முகம் தெளிந்து போனாள். நாமும் ஒரு நற்செயல் செய்துவிட்ட நிறைவோடு காலை உணவுக்குச் சென்றோம்.

அப்பிள்ளைக்கு மூன்று வயது நிறையும் தறுவாயில், அங்கன்வாடிக்கு வந்த அரசு மருத்துவக் குழுவினர் ஐயுற்றுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இரு காதுகளும் பிறவியிலிருந்தே ஏறத்தாழ முற்றிலும் கேளாதவை என்று அங்கே தெரிந்தது. செய்தி அறிந்து அவ்வீட்டிற்குச் சென்றோம். தாய் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "நீங்க சொன்னதும் மனசு ஆறிப் போச்சு சாமி. அதனாலதான் அப்பவே டாக்டர்கிட்டப் போகலை" என்றாள். அவள் குற்றம் சாட்டவில்லை, நடந்ததைச் சொன்னாள், அவ்வளவே. ஆனால் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. திருமுழுக்கின்போது அக்குழந்தையின் காதுகளையும் வாயையும் தொட்டு, அவை திறக்கப்பட வேண்டும் என்று மன்றாடியவர்கள் நாம். அக்காதுகள் மூடியிருக்கின்றன என்று பெற்றவளே வந்து சொன்னபோது, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வழியை அடைத்தவர்களும் நாமே.

நாள் ஏன் பெரிது?

இரண்டு ஆண்டுகள் போனால் என்ன, பின்னர் கற்றுக்கொள்ள முடியாதா என்று சிலர் கேட்கலாம். குழந்தையின் மூளை, காதில் விழும் ஒலிகளைக் கொண்டே மொழிக்கான பாதைகளை அமைத்துக்கொள்கிறது. அவ்வேலை மிக விரைவாக நடைபெறுவது முதல் மூன்று ஆண்டுகளில். அக்காலத்தில் ஒலியும் புகவில்லை, சைகை மொழியும் கிடைக்கவில்லை என்றால், பிள்ளை பின்னர் ஏறவேண்டிய மேடு பன்மடங்கு செங்குத்தாகிவிடுகிறது. அமெரிக்க நாட்டின் கொலராடோ மாநிலத்தில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், கேட்கும் திறன் குறைந்த 150 குழந்தைகளை ஆராய்ந்து 1998-ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு இதனைத் தெளிவாகக் காட்டிற்று. ஆறு மாதத்திற்குள் குறை கண்டறியப்பட்ட குழந்தைகள், அதற்குப் பின் கண்டறியப்பட்டவர்களைக் காட்டிலும் மொழித்திறனில் குறிப்பிடத்தக்க அளவு முன்னே நின்றார்கள். அதன் பின்னர் மருத்துவர்கள் ஒரு கணக்கு வகுத்தார்கள்: ஒரு மாதத்திற்குள் முதற் சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதியான முடிவு, ஆறு மாதத்திற்குள் பயிற்சி. நம்மிடம் அத்தாய் வந்தபோது பிள்ளைக்கு ஒன்பது மாதம். அப்போதே காலம் கடந்துவிட்டிருந்தது. நாம் அதனை இன்னும் கடத்தினோம்.

பிறக்கும் குழந்தைகளில் ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று வரை நிலையான காது கேளாமையுடன் பிறக்கின்றன என்பது உலகளாவிய மதிப்பீடு. பிறந்த குழந்தையின் செவியைச் சோதிப்பது கடினமும் அன்று. சிறு கருவி ஒன்றைக் காதில் பொருத்தி மெல்லொலியை அனுப்பினால், நலமான உட்செவி ஓர் எதிரொலியைத் திருப்பி அனுப்பும். குழந்தை தூங்கும்போதே சில நிமிடங்களில் முடிந்துவிடும் சோதனை இது. ஐயம் எழுந்தால், 'பெரா' என்று மருத்துவமனைகளில் வழங்கும் அடுத்த சோதனையால் உறுதி செய்வார்கள்.

காதுக்கு மட்டும் உரிய நியதி அன்று இது. பிறவியிலேயே தைராய்டு சுரப்புக் குறைந்த குழந்தைக்கு முதல் இரண்டு வாரங்களுக்குள் மாத்திரை தொடங்கினால் அறிவு வளர்ச்சி காக்கப்படும். மாதங்கள் கழிந்தபின் இழந்ததை முழுதும் மீட்க இயலாது. 34 வாரங்களுக்குள் பிறந்த குழந்தைக்கும், பிறக்கும்போது இரண்டு கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைக்கும் 30 நாட்களுக்குள் கண்ணின் விழித்திரையைச் சோதிக்க வேண்டும். தவறினால் பார்வையே பறிபோகலாம். உட்புறம் வளைந்த பாதத்துடன் பிறந்த குழந்தைக்கு முதல் வாரங்களிலேயே வாரம் ஒரு மாவுக்கட்டாக மாற்றி மாற்றிப் போட்டு வந்தால், பெரும்பாலோர்க்குப் பெரிய அறுவை சிகிச்சையின்றியே பாதம் நேராகிவிடுகிறது. மூளை முடக்குவாதமும் டவுன் நோய்க்குறியும் மறைந்துபோகும் என்று எவரும் வாக்களிக்க முடியாது. ஆயினும் முதல் மாதங்களிலேயே பயிற்சி தொடங்கிய பிள்ளை, தன் கையால் உண்ணவும், உட்காரவும், தனக்கு வேண்டியதைத் தெரிவிக்கவும் கற்கும் வாய்ப்பு மிகுகிறது. ஒரு பிள்ளைக்கும் அதன் தாய்க்கும் அது சிறிய காரியம் அன்று.

அரசு செய்திருப்பது

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது உண்மையாகாது. 2013-ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, பிறந்த நாள் முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைச் சோதித்து, பிறவிக் குறைகள், நோய்கள், சத்துக் குறைபாடுகள், வளர்ச்சித் தாமதங்கள் ஆகிய நான்கையும் கண்டறிய வேண்டும். மருத்துவர்களும் செவிலியரும் மருந்தாளுநரும் அடங்கிய குழு வண்டியில் ஊர் ஊராக வருகிறது. அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரு முறையும், பள்ளிப் பிள்ளைகளை ஒரு முறையும் சோதிப்பது விதி. ஐயமுள்ள குழந்தைகளை அனுப்புவதற்கென மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் ஏற்பட்டுள்ளன. குழந்தை மருத்துவர், இயன்முறைப் பயிற்சியாளர், பேச்சு மற்றும் செவித்திறன் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்பாசிரியர் முதலானோர் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும் என்பதே அம்மையங்களின் அமைப்பு முறை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் சோதித்து இடர்ப்பாடு உடையவர்களைக் கண்டறியும் கடமையை அரசின்மீது சுமத்துகிறது. நம் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பல லட்சம் ரூபாய் செலவாகும் உட்செவிக் கருவிச் சிகிச்சையை ஏற்றுக்கொள்கிறது. நாம் மேலே கூறிய பிள்ளைக்கும் அவ்வாறே நான்காவது வயதில் சிகிச்சை நடைபெற்றது. நன்றியோடு இதனைக் குறிப்பிடுகிறோம்.

ஓட்டை எங்கே?

அப்படியாயின் குறை எங்கே உள்ளது? கண்டுபிடிப்பதற்கும் கைகொடுப்பதற்கும் இடையே உள்ளது என்பது நாம் கண்டறிந்த உண்மை. குழு வருகிறது, சோதிக்கிறது, ஒரு சீட்டு எழுதித் தருகிறது. அச்சீட்டோடு தாய் தனித்து விடப்படுகிறாள். மையமோ மாவட்டத் தலைநகரில். விடியற்காலையில் கிளம்பி, இரண்டு பேருந்து மாறி, தலை நில்லாத பிள்ளையை இடுப்பிலும் தோளிலும் சுமந்து செல்ல வேண்டும். அவளுக்கு அன்றைய கூலி இல்லை. உரிய பயிற்சியாளர் அன்று விடுப்பிலிருந்தால், அல்லது அப்பணியிடமே நிரப்பப்படாதிருந்தால், வெறுங்கையோடு திரும்ப வேண்டும். பயிற்சி என்பதோ ஒரு நாள் ஊசி போன்றதன்று; வாரந்தோறும், மாதக்கணக்கில் தொடரவேண்டியது. முதல் மாதம் நான்கு முறை போகிறாள். அடுத்த மாதம் இரண்டு முறை. பின்னர் மாமியார் சடைத்துக்கொள்கிறாள். கணவன் செலவைக் கணக்கிடுகிறான். சீட்டு டிரங்குப் பெட்டிக்குள் போய்விடுகிறது. அது உள்ளே போனதை அறிந்து கேட்பதற்கு ஒருவரும் இல்லை. இவ்வாறு பெட்டிக்குள் கிடந்த சீட்டுகளை வீடு மந்திரிக்கச் சென்ற இடங்களில் நாமே எடுத்துப் பார்த்திருக்கிறோம்.

இதே அரசு வேறொரு காரியத்தில் நாட்களை எவ்வளவு கண்டிப்பாக எண்ணுகிறது என்று பாருங்கள்! ஒரு பெண் கருவுற்றதும் பதிவு செய்து 'பிக்மி' எண் தருகிறார்கள். பிறப்புச் சான்றிதழ் பெறவும் அவ்வெண் கேட்கப்படுகிறது. குழந்தை பிறந்ததும் 6-ஆம் வாரம், 10-ஆம் வாரம், 14-ஆம் வாரம் என்று தடுப்பூசிக்கு நாள் குறிக்கிறார்கள். ஒரு வாரம் தவறினால் கிராமச் சுகாதாரச் செவிலியர் வீட்டு வாசலுக்கே வந்து, "ஏன் வரவில்லை?" என்று கேட்கிறார். போலியோ சொட்டு மருந்துக்காக வீடு வீடாகவும், பேருந்து நிலையங்களிலும் குழந்தைகளைத் தேடி அலைந்தார்கள். அதன் பயனாக, 2011-ஆம் ஆண்டு சனவரித் திங்களுக்குப்பின் இந்நாட்டில் இயற்கைப் போலியோக் கிருமியால் ஒரு பிள்ளையும் கால் இழக்கவில்லை. 2014-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நம் நாடு போலியோ அற்ற பகுதியாகச் சான்று பெற்றது. தடுப்பூசிக்கு நாளை எண்ணத் தெரிந்த அரசுக்கு, குறையுடன் பிறந்த பிள்ளையின் பயிற்சிக்கும் நாளை எண்ணத் தெரியும். எண்ண வேண்டும் என்று கேட்பதற்கு ஆள் இல்லை என்பதே நம் கருத்து.

கேட்க வேண்டியவை மூன்று

முதலாவது, நாள் வரம்பு. அமெரிக்க நாட்டில் 1986-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், பிறப்பு முதல் மூன்று வயது நிறையும் வரையுள்ள குழந்தைகளுக்கான சேவையை மாநிலங்களின் பொறுப்பில் அமைத்தது. அம்முறைப்படி, ஒரு குழந்தையைப் பற்றிய செய்தி கிடைத்த 45 நாட்களுக்குள் சோதனைகள் முடிந்து, பெற்றோருடன் அமர்ந்து அக்குடும்பத்திற்கென எழுத்தில் ஒரு திட்டம் வகுக்கக் கூட வேண்டும். ஆறு திங்களுக்கு ஒரு முறை அத்திட்டத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். அங்கும் ஆள் பற்றாக்குறையும் தாமதமும் உண்டு. ஆயினும், வரம்பு ஒன்று இருப்பதால் தாமதம் தாமதமென்று கணக்கில் ஏறுகிறது; பெற்றோர் அதனைச் சுட்டிக் கேட்க முடிகிறது. நம் நாட்டிலும் சீட்டு எழுதிய நாளுக்கும் முதற் பயிற்சி நாளுக்கும் இடையே இத்தனை நாள் என்று வரம்பு விதித்து, மாவட்டந்தோறும் அக்கணக்கை வெளியிட்டால், பணியிடங்கள் எங்கே காலியாக உள்ளன என்பதும் தானே வெளிப்படும்.

இரண்டாவது, பொறுப்புடைய ஓர் ஆள். அதே அமெரிக்க முறையில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் உண்டு. எந்த மருத்துவரிடம் போவது, எந்தப் படிவம் எழுதுவது என்று தாய் அலைய வேண்டியதில்லை. கேட்பதற்கு ஒரு முகம், ஒரு பெயர் இருக்கிறது. தடுப்பூசி தவறினால் தேடிவரும் செவிலியரைப் போலவே, பயிற்சி தவறினால் தேடிவரும் ஓர் ஆள் நம் வட்டாரங்களிலும் வேண்டும்.

மூன்றாவது, வீட்டு வாசலுக்கு வரும் சேவை. இது இயலாத கனவன்று. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-ஆம் ஆண்டு தோன்றிய அமர் சேவா சங்கம், அவ்வூர்ப் பகுதிகளிலிருந்தே பணியாளர்களைத் தெரிந்து பயிற்றுவித்து, குழந்தைகளின் வீடுகளுக்கு அனுப்பி வருகிறது. தேர்ந்த பயிற்சியாளர்கள் அவர்களுக்கு வழிகாட்டுகிறார்கள். ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றமும் கைக்கணினியில் பதிவாகிறது. சென்னையில் 1969 முதல் இயங்கிவரும் பால வித்யாலயா என்னும் காது கேளாத இளங்குழந்தைகள் பள்ளியில், பெற்றவர்களும் பிள்ளையுடன் வந்து அமர்ந்து கற்கிறார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் காணும் பயிற்சியாளரைவிட, நாள் முழுதும் உடனிருக்கும் பெற்றோரே பெரிய ஆசிரியர் என்பதனை இவ்விரு இடங்களும் நமக்குக் காட்டுகின்றன. தமிழ்நாடு அரசின் 'உரிமைகள்' திட்டத்திற்கு 2022-ஆம் ஆண்டு உலக வங்கி 16 கோடியே 20 லட்சம் டாலர் கடன் வழங்க இசைந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைகளை அவர்கள் வாழும் இடத்துக்கு அருகே கொண்டுசெல்வது அத்திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. அது சிறு குழந்தைகளின் வாசலையும் எட்டுகிறதா என்று பார்த்துக் கேட்பது குடிமக்களாகிய நம் அனைவரின் கடமை.

பங்கில் நாம் செய்யக்கூடியவை

அரசைக் கேட்குமுன் நம் வீட்டையும் ஒழுங்கு செய்வோம். பிள்ளை மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லையா? ஐந்து மாதமாகியும் தலை நிற்கவில்லையா? ஒன்பது மாதமாகியும் துணையின்றி உட்காரவில்லையா? ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லையா, பொருளுள்ள ஒரு சொல்லும் பேசவில்லையா? எந்த வயதிலாயினும், ஒலிக்குத் திரும்பவில்லையா? கற்ற சொல்லை மறந்துவிட்டதா? இவற்றுள் ஒன்று இருப்பினும் அவ்வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ குழந்தை மருத்துவரிடமோ செல்லுங்கள். சோதித்துப் பார்த்துக் குறையொன்றும் இல்லையென்றால் மகிழ்ச்சியோடு திரும்புவோம்; இழப்பு ஒரு நாள் கூலிதான். செல்லாதிருந்தால் இழப்பது என்ன என்பதனை மேலே கண்டீர்கள்.

பாட்டிமார்களே, அத்தைமார்களே! "கிரகணத்தில் வெளியே வந்தாள்", "யார் விட்ட சாபமோ" என்னும் சொற்களை இனி நம் வீடுகளில் எவரும் சொல்லக் கேட்க வேண்டாம். பிள்ளையின் குறைக்குத் தாயைக் குற்றவாளியாக்கினால், அவள் பிள்ளையை மறைக்கத் தொடங்குவாள். மறைக்கப்படும் நாட்களே மீண்டும் கிடைக்காத நாட்கள். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்வதை நாம் தடுக்கவில்லை. நேர்ந்துகொண்ட அன்றே மருத்துவரிடமும் செல்லுங்கள் என்கிறோம். தந்தைமார்களே! மருத்துவமனை வரிசையில் நிற்பது தாய்க்கு மட்டும் விதிக்கப்பட்ட வேலையன்று.

இளைஞர்களும் மாதர் சங்கத்தினரும் ஒன்று செய்யலாம். பயிற்சிக்குச் செல்லும் தாயுடன் முறை வைத்து ஒருவர் துணைக்குச் செல்லுங்கள். அவளுடைய மற்றப் பிள்ளைகளை அன்று உங்கள் வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் எழுந்து, நம் ஊரில் சீட்டுப் பெற்ற குழந்தைகள் எத்தனை பேர், அவர்களுள் பயிற்சி தொடங்கியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். அந்த இரண்டு எண்களும் ஒன்றாகும் வரை கேளுங்கள். நம் பங்கு மன்றத்தின் ஓர் அறையை வாரம் ஒரு நாள் பயிற்சியாளர்களுக்குத் திறந்துவிட நாம் ஆயத்தமாக இருக்கிறோம். சாதி, சமயம் கேளாமல் ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் அங்கு வரட்டும்.

நம்மால் நாட்களை இழந்த அப்பிள்ளை இப்போது பள்ளிக்குச் செல்கிறான். உட்செவிக் கருவியும் பயிற்சியும் அவனுக்கு ஒலியைத் தந்திருக்கின்றன. வகுப்பில் பின்தங்கியே இருந்தாலும், கணக்கில் கெட்டிக்காரன் என்கிறார் அவன் ஆசிரியை. சென்ற திருவிழாவில் நம்மைக் கண்டதும் ஓடிவந்து, "ஆமி!" என்று அழைத்தான். 'சாமி' என்னும் சொல்லின் முதல் ஒலி இன்னும் அவன் நாவில் ஏறவில்லை. அவன் தாய் சிரித்தாள், நாமும் சிரித்தோம். அவ்வெழுத்து ஏறாததில் நம் பங்கும் உண்டு என்பது அவனுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

ஆகவே, அன்புக் குடும்பங்களே, இனி ஒரு தாய் தன் பிள்ளையைப் பற்றிய அச்சத்தோடு நம்மிடமோ உங்களிடமோ வந்தால், 'சரியாகிவிடும்' என்னும் சொல்லால் அவளை அனுப்பிவிடாதிருப்போம். "வா அம்மா, நாளைக் காலையிலேயே போவோம், நாங்களும் உடன் வருகிறோம்" என்போம். சொன்னபடியே மறுநாள் காலை அவளுடன் பேருந்து நிறுத்தத்தில் நிற்போம்.